கட்டுரைகளின் எண்ணிக்கையும் குழந்தைகளின் இருதயமும்

1678-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலின் முதற் பாகம் அச்சாகி வெளிவந்தது. மலையாள நாட்டின் மரஞ்செடிகொடிகளையும் அவற்றின் மருத்துவப் பயன்களையும் விவரிக்கும் அந்நூல், 1693-ஆம் ஆண்டுக்குள் பன்னிரண்டு பாகங்களாக நிறைவெய்தியது. கொச்சியில் டச்சுக்காரரின் ஆட்சித் தலைவராக விளங்கிய வான் ரீடு என்பவரின் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. ஆயினும் முதற் பாகத்தைப் புரட்டிப் பார்ப்பவர் அதில் ஒரு விசேஷத்தைக் காண்பர். இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் தம் கையால் எழுதித் தந்த சான்றுரைகள், அவரவர் எழுத்து வடிவிலேயே அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. செடியை இன்னதென்று காட்டியவர் யார், அதன் குணத்தை உரைத்தவர் யார் என்பதை நூல் மறைக்கவில்லை.

கொச்சித் துறைமுகத்தையும் அதை அடுத்துள்ள மட்டாஞ்சேரியையும் சார்ந்த விஞ்ஞானப் பிரசுர வரலாறு இவ்வாறு தொடங்குகிறது. அதே நகரத்திலிருந்து இந்நாளில் வெளிவரும் மற்றொரு வகைப் பிரசுரங்களை மதிப்பிடும்போதும் அப்பழைய நூலின் நேர்மையை அளவுகோலாகக் கொள்வது பொருத்தமாகும். பிறவியிலேயே இருதயக் கோளாறு கொண்ட குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளே அப்பிரசுரங்கள்.

ஓர் ஆராய்ச்சியாளரின் தகுதியை அவர் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. எந்தப் பத்திரிகையில் கட்டுரை வந்தது, அதைப் பிறர் எத்தனை முறை எடுத்துக் காட்டினர் என்பவையும் இவ்வாறே கணக்கிடப்படுகின்றன. நியமனம், பதவி உயர்வு, நிதி உதவி ஆகிய யாவும் இக்கணக்கை ஒட்டி அமைகின்றன. இதற்கு ஒரு நியாயமும் இல்லாமல் இல்லை. கணக்கு என ஒன்று இராவிடில் செல்வாக்கும் சிபாரிசும் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். எனினும் எண்ணிக்கையே குறிக்கோளாகிவிட்டால், ஒரே ஆராய்ச்சியை மூன்றாகப் பிரித்து வெளியிடுவதும், விடை எளிதாகக் கிடைக்கும் கேள்விகளையே நாடுவதும் இயல்பாகிவிடுகின்றன. 2012-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடிய விஞ்ஞானப் பத்திரிகை ஆசிரியர்கள் இக்குறையை உணர்ந்து, பத்திரிகையின் புகழெண்ணைக் கொண்டு தனி மனிதரின் ஆராய்ச்சியை எடை போடலாகாது என்று ஒரு பிரகடனம் வகுத்தனர்.

எண்ணிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குப் பிறவி இருதய நோயின் வரலாறே சான்று பகரும். 1936-ஆம் ஆண்டில் கானடா நாட்டு அம்மையார் மாட் அபட், இறந்தோரின் இருதயங்கள் ஆயிரத்தை ஆராய்ந்து, ஒரே தொகுதியாக வெளியிட்டார். அதுவரை விந்தைப் பொருள்களாகக் காட்சிசாலையில் வைக்கப்பட்ட இருதயங்கள், அதன் பின்னரே வகைப்படுத்தி அறியத்தக்க நோய்களாயின. 1944-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடல் நீலம் பாரித்த ஒரு பெண் குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. நுரையீரலுக்கு ரத்தம் செல்லப் புதிய வழி ஒன்றை அமைப்பதே அதன் நோக்கம். டாக்டர் பிளாலக், டாக்டர் ஹெலன் டாசிக் ஆகிய இருவரும் 1945-ஆம் ஆண்டில் அதுபற்றி வெளியிட்ட கட்டுரையில் விவரிக்கப்பட்ட நோயாளிகள் மூவரே. மூன்று குழந்தைகளைப் பற்றிய அந்த ஒரு கட்டுரை, உலகெங்கும் அதுவரை கைவிடப்பட்டிருந்த நீலக் குழந்தைகளுக்கு வாழ்வளிக்கும் வழியைத் திறந்தது.

இனிக் கொச்சிக்கு வருவோர், மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைத் தெருக்களைக் கடந்து, காயலுக்கு அப்பால் இடப்பள்ளியை அடுத்த போணேக்கரைக்குச் செல்லவேண்டும். 1998-ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கப்பட்ட அமிருதா மருத்துவ விஞ்ஞான நிலையத்தில், குழந்தைகள் இருதயப் பிரிவை உருவாக்கியவர் டாக்டர் ராமன் கிருஷ்ணகுமார் ஆவார். புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பயின்றவர். பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையிலும் பயிற்சி பெற்றவர். அவரும் அவருடைய சக வைத்தியர்களும் வெளியிட்ட கட்டுரைகள் பல. அப்பட்டியலின் நீளத்தைக் காட்டிலும், அதிலுள்ள கேள்விகள் எவ்வரிசையில் எழுந்தன என்பதே கவனிக்கத்தக்கது.

முதலில் ஒரு கேள்வி. மேனாட்டுப் பாடநூல்கள், போதிய ஊட்டம் பெற்ற குழந்தையையே மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. இந்நாட்டில் இருதயக் கோளாறுடன் மருத்துவமனைக்கு வரும் குழந்தையோ பெரும்பாலும் எடை குன்றி, எலும்புந் தோலுமாக வருகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு என்ன? டாக்டர் பாலு வைத்தியநாதன் முதலியோர் 2008-ஆம் ஆண்டில் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரை இதை ஆராய்ந்தது. சிகிச்சைக்கு வந்த குழந்தைகளிற் பாதிக்கு மேற்பட்டவை ஊட்டக் குறைவுடையன என்றும், கோளாறு சரிசெய்யப்பட்ட பின்னர் அவற்றின் எடை தேறத் தொடங்குகிறது என்றும் அது காட்டிற்று. இம்முடிவு களப்பணியாளருக்கு நேராகப் பயன்படுவது. எடை ஏறாத குழந்தையைக் கண்டவுடன் தாயின் உணவூட்டும் முறையைக் குறை கூறுவது வழக்கமாக உள்ளது. பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கி, நெற்றி வியர்த்து, பாதியில் நிறுத்திவிடும் குழந்தைக்குக் குறை தாயிடத்தில் இல்லை, இருதயத்தில் இருக்கக்கூடும் என்பதை அக்கட்டுரை அறிவுறுத்துகிறது.

இரண்டாவது கேள்வி இதனினும் கூர்மையானது. பிறந்த குழந்தையை வைத்தியர் ஒருவர் கையாலும் காதாலும் நன்கு பரிசோதித்துவிட்டால் இருதயக் கோளாறு தப்பாமல் அகப்பட்டுவிடுமா? கேரளத்தின் சாதாரண மருத்துவமனை ஒன்றில் பிறந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிசுக்களை இவ்வாறு சோதித்து, பின்னர் எக்கோ பரிசோதனையுடன் ஒப்பிட்டனர். 2011-ஆம் ஆண்டில் வெளியான முடிவு எவரும் விரும்பத்தக்கதன்று. கோளாறுடைய சிசுக்களிற் பெரும்பாலானவை அச்சோதனையில் தப்பிவிட்டன. விரலிற் பொருத்தி ரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கருவியும் எல்லாவகைக் கோளாறுகளையும் கண்டுபிடிக்கப் போதவில்லை.

இதன் காரணத்தை அறிவது அவசியம். கருவிலிருக்கும் சிசு தன் நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆதலின் நுரையீரலுக்குச் செல்லவேண்டிய ரத்தத்திற் பெரும்பகுதி, ஒரு சிறு இணைப்புக் குழாய் வழியாக நேரே பெருந்தமனியை அடைகிறது. பிறந்த சில நாட்களில் அக்குழாய் மூடிக்கொள்ளும். சில கொடிய கோளாறுகளில் அக்குழாயே குழந்தையின் உயிரைத் தாங்கி நிற்பதால், அது திறந்திருக்கும் வரையில் குழந்தை நலமுடன் இருப்பதாகவே தோன்றும். வீட்டுக்குச் சென்ற பின் குழாய் மூடும்; குழந்தை திடீரென்று வெளிறிச் சோர்ந்து விழும். இருதயச் சுவரில் பெரிய துவாரம் உள்ள குழந்தையின் நிலை வேறு. பிறந்தவுடன் நுரையீரலின் ரத்த அழுத்தம் மிகுந்திருப்பதால் துவாரத்தின் வழியே ரத்தம் அதிகம் பாய்வதில்லை. முணுமுணுப்பு ஓசையும் கேட்பதில்லை. நான்கு முதல் ஆறு வாரங்களில் அழுத்தம் குறைந்த பின்னரே மூச்சிரைப்பும் எடைக் குறைவும் தலைகாட்டும். ஆகவே பிறந்த நாளில் 'நலம்' என்று எழுதப்பட்ட ஒரு சீட்டு, ஆறாவது வாரத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

எதிர்பார்த்தது கிட்டவில்லை என்று கூறும் இத்தகைய கட்டுரைகள், எண்ணிக்கைக் கணக்கில் புகழ் பெறுவதில்லை. ஆனால் களத்துக்கு இவற்றைவிடப் பயனுள்ளவை அரிது. ஒரு சோதனையை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது என்னும் எச்சரிக்கை இதிலிருந்தே கிடைக்கிறது. பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் எல்லையும் இதனால் தெளிவாகும். ரத்தம் நீலம் பாரிக்கும் கொடிய வகைகளைக் கண்டுபிடிப்பதில் அக்கருவி வல்லது என்பதை ஸ்வீடன், பிரிட்டன் முதலிய நாடுகளில் நடந்த பெரிய ஆராய்ச்சிகள் நிறுவியுள்ளன. துவாரங்களைக் காட்டுவது அதன் வேலையன்று. பிறந்து 24 மணி நேரம் ஆனபின் வலது கையிலும் ஒரு காலிலும் அளந்து, இரண்டும் 95 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் இருந்து, வேறுபாடு 3-க்கு மேற்படாவிடில் தேர்ந்ததாகக் கொள்வர். 90-க்குக் குறைந்தால் சிறிதும் தாமதியாமல் வைத்தியரிடம் அனுப்பவேண்டும்.

மூன்றாவது கேள்வி பணத்தைப் பற்றியது. டாக்டர் மனு ராஜ் முதலியோர் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்வித்த குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்தது. சிகிச்சைச் செலவு சராசரியாக ஒரு குடும்பத்தின் ஏறத்தாழ ஓராண்டு வருமானத்தை விழுங்கிவிடுகிறது என அது கண்டது. இருதய வைத்தியர் கடன் கணக்கை ஆராய்வதேன் என்று சிலர் வினவக்கூடும். அறுவைச் சிகிச்சை எவ்வளவு திறமையாகச் செய்யப்படினும், பணமின்மையால் வாசலிலேயே திரும்பிவிடும் குழந்தைக்கு அது இல்லாததற்கே சமானம். அக்குழந்தை எந்த மருத்துவமனையின் புள்ளிவிவரத்திலும் இடம் பெறுவதில்லை. அதையும் எண்ணிப் பார்த்தமையே இவ்வாராய்ச்சியின் சிறப்பு.

இக்கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த இடம் யாது என்பதையும் நோக்கவேண்டும். கேரளத்தில் தொற்று நோய்களாலும் பிரசவக் கேடுகளாலும் ஏற்படும் சிசு மரணம் குறைந்தபின், எஞ்சிய மரணங்களில் பிறவிக் கோளாறுகளின் பங்கு பெரிதாகத் தெரிந்தது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அம்மாநில அரசு 'ஹிருத்யம்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. இருதயக் கோளாறு ஐயுறப்படும் எக்குழந்தையையும் கணினி வழியாகப் பதிவு செய்து, நோயின் அவசரத்துக்கேற்ப வரிசைப்படுத்தி, இடமுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிச் செலவின்றிச் சிகிச்சை அளிப்பது அதன் முறை. 2021-ஆம் ஆண்டில் 'குளோபல் ஹார்ட்' பத்திரிகையில் இத்திட்டத்தைப் பற்றி வெளியான கட்டுரையில், டாக்டர் கிருஷ்ணகுமாரின் பெயருடன் சுகாதார நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர்களின் பெயர்களும் காணப்படுகின்றன. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஆயிரம் பிறப்புக்குக் கேரளத்தின் சிசு மரணம் 2017-ஆம் ஆண்டில் 10 ஆகவும் 2019-ஆம் ஆண்டில் 6 ஆகவும் இருந்தது. இக்குறைவு முழுவதையும் ஒரு திட்டத்தின் கணக்கில் எழுதுவது முறையன்று. ஆயினும் அதன் பங்கு இதில் இல்லையென்றும் கூறுவதற்கில்லை.

ஒரு பிரசுரப் பட்டியல் இவ்வாறு நோயாளியின் படுக்கையிலிருந்து தொடங்கி, பிரசவ அறைக்கும், குடும்பத்தின் கணக்கேட்டுக்கும், இறுதியில் மாநிலத்தின் பதிவேட்டுக்கும் வந்து சேர்வதே அதன் உண்மையான வளர்ச்சி. எத்தனை கட்டுரைகள் என்று கேட்பதற்கு முன், எக்குழந்தையைப் பற்றிய கேள்வி இது, விடை எவரிடம் சென்று சேர்ந்தது, அதன்பின் என்ன மாறியது என்று கேட்பதே தக்கது. ஆராய்ச்சியாளரை மதிப்பிடும் குழுக்கள் இம்மூன்றையும் கேட்கத் தொடங்கினால், மூன்று நோயாளிகளைப் பற்றிய நல்ல கட்டுரை, முப்பது வெறுங் கட்டுரைகளுக்குப் பின்னே நிற்க நேராது.

இவ்விஷயம் வைத்தியர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மட்டுமே உரியதென்று களப்பணியாளரும் ஆசிரியரும் எண்ணிவிடலாகாது. டில்லி வைத்தியர்கள் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட சிசுக்களைச் சோதித்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, ஆயிரத்துக்கு ஏறத்தாழ எட்டுக் குழந்தைகள் இருதயக் கோளாறுடன் பிறக்கின்றன. இந்நாட்டில் ஆண்டுதோறும் இத்தகைய குழந்தைகள் இரண்டு லட்சத்துக்கு மேல் பிறக்கின்றன என்றும், அவற்றுள் ஐந்தில் ஒரு பங்குக்கு முதல் ஆண்டிலேயே சிகிச்சை வேண்டும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். இக்குழந்தைகளை முதலிற் காண்பவர் இருதய நிபுணர் அல்லர். ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசி போடும் சுகாதார நர்ஸும், வீடு வீடாகச் செல்லும் ஆஷா ஊழியரும், எடை பார்க்கும் அங்கன்வாடி ஊழியருமே முதலிற் காண்கின்றனர். துவாரத்தின் அறிகுறிகள் வெளிப்படும் வாரங்களும் தடுப்பூசி வாரங்களும் ஒத்திருப்பது ஒரு நல்வாய்ப்பு. ஊசி போடுவதற்கு முன் குழந்தையின் மூச்சைக் கவனிக்கவும், பால் குடிக்கும் விதத்தைத் தாயிடம் வினவவும், நாவின் நிறத்தைப் பார்க்கவும் இரண்டு நிமிஷங்கள் போதும்.

பள்ளியிலும் இதுவே நிலை. ஓடி விளையாடுகையில் இடையிலே குந்தி உட்கார்ந்து இளைப்பாறும் சிறுவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது எளிது. ஃபாலோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1888-ஆம் ஆண்டில் விவரித்த நால்வகைக் கோளாறு உள்ள குழந்தை, குந்தி உட்காரும்போதே நுரையீரலுக்குச் சற்று மிகுதியாக ரத்தம் பெறுகிறது. கற்பிப்பார் இன்றியே உடல் அவ்வுபாயத்தைக் கற்றுக்கொள்கிறது. நீலம் பாரித்த உதடும் நுனி பருத்த விரல்களும் ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பாதவை. 2013-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வருகின்றனர். அவர்கள் வரும் நாளில் ஆசிரியர் குறித்து வைத்த ஒரு பெயர், ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

அப்பெயரே பின்னர் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஓர் எண்ணாகிறது. எண்ணாக்கியவரின் பெயர் கட்டுரையின் தலைப்பில் நிற்கிறது. பெயரைக் குறித்தவரின் பெயரோ எங்கும் இல்லை. பிளாலக், டாசிக் இருவரும் 1945-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலும் இக்குறை உண்டு. அறுவை முறையை ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் செய்து செம்மைப்படுத்தியவரும், முதல் அறுவையின்போது பிளாலக்கின் பின்னால் நின்று யோசனை கூறியவரும் விவியன் தாமஸ் என்னும் கறுப்பின உதவியாளர். அக்கட்டுரையில் ஆசிரியராக அவர் பெயர் இடம் பெறவில்லை. 1976-ஆம் ஆண்டில்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்துக் குறையை ஒருவாறு போக்கிற்று. கொச்சி வைத்தியர் நால்வரின் பெயரை 1678-ஆம் ஆண்டிலேயே அச்சிட்ட ஒரு நூலைக் கண்ட நாட்டில், இதற்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே இரண்டு சீர்திருத்தங்கள் வேண்டற்பாலன. முதலாவது, களத்திலிருந்து பெற்ற விவரங்களைக் கொண்டு எழுதப்படும் ஒவ்வொரு கட்டுரையிலும், அவ்விவரங்களைச் சேகரித்த ஊழியர்களின் பங்கு வெளிப்படையாகக் கூறப்படவேண்டும். இரண்டாவது, பொதுப்பணத்தால் நடைபெறும் ஆராய்ச்சியின் முடிவு, அவ்வட்டாரத்தின் மொழியில் ஒரே பக்கத்திலாவது அவர்களிடம் திரும்பி வரவேண்டும். மட்டாஞ்சேரியில் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. ஆராய்ச்சியின் முடிவோ அவற்றில் எம்மொழியிலும் இன்றி ஆங்கிலத்தில் மட்டும் நின்றுவிடுகிறது. பிறந்த நாளின் சோதனை போதாது என்ற உண்மை 2011-ஆம் ஆண்டிலேயே அச்சாகிவிட்டது. அது அங்குள்ள தடுப்பூசி மேஜைக்கு, நர்ஸ் படித்தறியும் சொற்களில் வந்து சேராத வரையில், பிரசுரம் முற்றுப்பெற்றதாகக் கொள்வதற்கில்லை.

அம்மேஜையின் மேல் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் பெயர், எடை, ஊசியின் தேதி ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. குழந்தை எவ்வாறு மூச்சு விடுகிறது, எவ்வாறு பால் குடிக்கிறது என்பதற்கும் ஒரு கட்டம் சேர்ப்பதற்கு அதிகச் செலவில்லை. அக்கட்டம் ஒழுங்காக நிரப்பப்படுமாயின், இன்னும் சில ஆண்டுகளில் எழுதப்படும் ஆராய்ச்சிக் கட்டுரை அங்கேயே தொடங்கியதாகும். அதை நிரப்பிய நர்ஸின் குறிப்பைக் கண்டு வைத்தியரிடம் அனுப்பப்பட்ட குழந்தையும் அதற்குள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியிருக்கும்.